மூடிய கதவுக்கு இந்தப் பக்கம்

வெள்ளித்திரைப் பேரரசு – 19

வாசகர் கடிதங்களில் ஒரு கேள்வி மட்டும் வாரம் தவறாமல் வருகிறது: "சரித்திரமெல்லாம் சரி சார், எந்தப் படத்தை முதலில் பார்க்க?" இதுவரை நழுவிக்கொண்டே வந்தேன். பட்டியல் போடுவது எனக்குப் பிடிக்காத வேலை. பத்துப் படம் சொன்னால் பதினோராவதை ஏன் விட்டாய் என்று சண்டைக்கு வர நாலு பேர் இருப்பார்கள். அந்த நாலு பேரில் ஒருவன் நானாகவே இருப்பேன். ஆனால் இந்த வாரம் தப்ப முடியாது. சொல்லவேண்டிய கதை அப்படி. ஹாலிவுட்டின் பொற்காலம் என்கிறோமே, அந்த முப்பதுகளையும் நாற்பதுகளையும் ஒரு பூட்டு ஆண்டது. பூட்டைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் பாதிதான் விளங்கும். கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஐந்தாறு படங்களைப் பார்த்தால் மீதியும் விளங்கிவிடும்.

பூட்டு வருவதற்கு முந்தைய படம் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1932-இல் பாரமவுண்ட் வெளியிட்ட 'டிரபிள் இன் பாரடைஸ்'. இயக்கியவர் எர்ன்ஸ்ட் லூபிட்ச், பெர்லின் தையற்காரர் ஒருவரின் மகன். முதல் காட்சி வெனிஸ் நகரம். நிலா, கால்வாய், படகு, படகோட்டியின் பாட்டு எல்லாம் உண்டு. ஆனால் அது குப்பை அள்ளுகிற படகு! காதல் நகரத்தின் குப்பையை அள்ளிக்கொண்டு பாடிப் போகிறான் ஒருவன். படம் எந்தத் தினுசு என்பது ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது.

அங்கே ஒரு ஹோட்டலில் ஒரு பிரபுவும் ஒரு சீமாட்டியும் விருந்துண்கிறார்கள். இருவரும் திருடர்கள்; ஒருவரை ஒருவர் ஏமாற்ற வந்தவர்கள். சாப்பாட்டின் நடுவே அவள் அவனுடைய பர்ஸை எடுத்துவிட்டாள், அவன் அவளுடைய புரோச்சை எடுத்துவிட்டான். அவள் அவனுடைய கடிகாரத்தை நீட்டி, ஐந்து நிமிடம் பின்தங்கி ஓடியது, சரிசெய்துவிட்டேன் என்கிறாள். கடைசியில் அவளுடைய காலுறைப் பட்டி அவன் கையில் இருப்பது தெரிகிறது. அவள் தாவி அவனைக் கட்டிக்கொள்கிறாள். களவும் காதலும் ஒரே தொழிலாகிவிட்ட ஜோடி. பிறகு பாரிஸ், வாசனைத் திரவியக் கம்பெனி முதலாளியம்மா மேடம் கோலே, அவளிடம் காரியதரிசியாகச் சேரும் திருடன், அவனுக்கே தடுமாறும் மனசு. மிச்சத்தைப் படத்தில் பாருங்கள். எண்பது நிமிடத்துக்குச் சற்று மேல்தான்.

நான் சொல்லவந்தது கடிகாரக் காட்சியை. மாலை ஐந்து மணி காட்டும் ஒரு கடிகாரம் திரையில் தெரிகிறது. ஆள் யாரும் இல்லை. குரல்கள் மட்டும் கேட்கின்றன: அவனும் முதலாளியம்மாவும் பேசிக்கொள்கிறார்கள், வெளியே சாப்பிடப் போகலாம் என்று. மணி நகர்கிறது. ஒன்பதாகிறது, அதையும் தாண்டுகிறது. திரும்பி வருகிறார்கள், சிரிக்கிறார்கள், எங்கோ இசை, பிறகு மௌனம். ஒரு சாயங்காலமும் ஓர் இரவும் ஒரு மனித முகம்கூடக் காட்டாமல் கடந்துவிடுகின்றன. நடந்ததையெல்லாம் நாமே பார்த்ததாக நினைத்துக்கொள்கிறோம். பார்த்ததோ கடிகாரத்தை.

லூபிட்சை இப்படி எடுக்கச் சொல்லி அன்று யாரும் நிர்ப்பந்திக்கவில்லை. அவருக்கு அதுதான் ருசி. இதை ஞாபகத்தில் வையுங்கள். தணிக்கை இருந்ததால்தான் ஹாலிவுட் கலையானது என்று ஒரு கூட்டம் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. கத்திரிக்கோலுக்குப் புகழ்மாலை சூட்டுகிற அந்தப் பேச்சு எனக்கு ஒத்துவருவதில்லை. மூடிய கதவை வைத்துக் கதை சொல்லும் வித்தையைக் கலைஞர்கள் ஏற்கெனவே கற்றிருந்தார்கள். பூட்டியவன் பிறகுதான் வந்தான். வந்ததும் அவன் செய்த காரியங்களில் ஒன்று, 1935-இல் இந்தப் படத்தையே மறுபடி திரையிட அனுமதி மறுத்தது. 1968 வரை அது பொதுமக்கள் கண்ணில் படவில்லை.

சரி, அந்தப் பூட்டு எங்கே செய்யப்பட்டது?

1915-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஒஹையோ மாநிலத் தணிக்கை வாரியத்தை எதிர்த்து மியூச்சுவல் என்ற படக் கம்பெனி போட்ட வழக்கு. சினிமா என்பது வெறும் வியாபாரம், பத்திரிகைக்கு உள்ள பேச்சுரிமை அதற்கு இல்லை என்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். ஒஹையோ, பென்சில்வேனியா, கன்சாஸ், மேரிலாண்ட், நியூயார்க், வர்ஜீனியா என்று மாநிலத்துக்கு ஒரு கத்திரிக்கோல். சிகாகோவில் அது போலீஸ் கையில். ஓர் ஊரில் ஓடுகிற காட்சி அடுத்த ஊரில் இருக்காது.

ஊமைப்பட காலத்தில் இதைச் சகித்துக்கொள்ள முடிந்தது. நாலு அடி பிலிமை வெட்டினால் ஓர் எழுத்து அட்டையைச் செருகி ஒட்டிவிடலாம். பேசும்படம் வந்ததும் தலைவலி பிடித்தது. ஆரம்பத்தில் வார்னர் கம்பெனியின் ஒலி தனி இசைத்தட்டில் இருந்தது. படத்தை வெட்டினால் இசைத்தட்டை யார் வெட்டுவது? உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். எடுத்து முடித்த படத்தில் கைவைக்க விடக்கூடாது, தகராறு எதுவானாலும் கதை எழுதும்போதே தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று முதலாளிகளுக்குத் தோன்றியதற்கு இது ஒரு பெரிய காரணம். ஒழுக்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இசைத்தட்டைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

வில் ஹேஸ் ஏற்கெனவே நமக்குப் பழக்கமானவர். ஜனாதிபதி ஹார்டிங்கின் தபால்துறை மந்திரி, 1922-இல் பட முதலாளிகள் சங்கத்தின் தலைவராக வந்து உட்கார்ந்தவர். நடிகர் ஆர்பக்கிள் மீதான வழக்கு நாறிய நேரத்தில் தொழிலுக்கு வெள்ளையடிக்க அழைக்கப்பட்டவர். அவர் பெயரால்தான் இன்றும் ஹேஸ் விதி என்கிறோம். எழுதியவர் அவரல்லர். சினிமா வியாபாரப் பத்திரிகை நடத்திய மார்ட்டின் குவிக்லி என்ற கத்தோலிக்கரும், டேனியல் லார்ட் என்ற இயேசு சபைப் பாதிரியாரும் சேர்ந்து எழுதியது அது. 1930 மார்ச் 31 அன்று சங்கம் அதை ஏற்றுக்கொண்டது. குற்றத்தின் மேல் பார்வையாளருக்கு அனுதாபம் வரக்கூடாது. திருமண பந்தத்தின் புனிதம் காக்கப்பட வேண்டும். மிதமிஞ்சிய காம முத்தம் கூடாது. வெள்ளையரும் கறுப்பரும் காதலிப்பது கூடவே கூடாது.

ஏற்றுக்கொண்டார்களே தவிர மதிக்கவில்லை. பொருளாதாரச் சரிவில் கொட்டகைகள் காலியாகிக்கொண்டிருந்தன. பாரமவுண்ட் 1933-இல் திவால் மனுப் போட்ட கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த ஆண்டு பாரமவுண்டின் கல்லாவை நிரப்பியவர் நடிகை மே வெஸ்ட். அவர் வாயைத் திறந்தால் விதியின் ஏதாவது ஒரு பக்கம் கிழிந்தது. பசித்த முதலாளி பாதிரியாரின் தாளைப் படித்துக்கொண்டிருப்பானா?

இந்த நாலு வருஷத்துப் படங்களில் ஒன்றைக் கட்டாயம் பார்க்கச் சொல்வேன்: வார்னர் கம்பெனியின் 'பேபி ஃபேஸ்', 1933. பார்பரா ஸ்டான்விக் நடித்த லில்லி, சாராயக் கடைக்காரனின் மகள். தகப்பனே அவளை வாடிக்கையாளர்களுக்கு விடுகிறான். அவன் செத்ததும் நியூயார்க் வருகிறாள், ஒரு வங்கியில் வேலைக்குச் சேர்கிறாள். பிறகு காமிரா அந்தக் கட்டடத்தின் வெளிச்சுவரில் மாடி மாடியாக ஏறுகிறது. ஒவ்வொரு மாடிக்கும் ஓர் ஆண், ஒவ்வொரு ஆணுக்குப் பிறகும் இன்னொரு மாடி. பின்னணியில் ஒரு சோக ஜாஸ் மெட்டு. உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டவேண்டிய அவசியமே இல்லை, ஜன்னல் உயர்ந்தால் சம்பளம் உயர்ந்தது என்று பொருள். அவள் மிதித்து ஏறுகிற கீழ்ப்படிகளில் ஒன்றாக இளவயது ஜான் வெய்ன் வருகிறார், கோட்டும் டையுமாக. குதிரையில் மட்டுமே பார்த்த ஆளை அப்படிப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

நியூயார்க் தணிக்கை வாரியம் இதை நிராகரித்தது. படத்தில் ஒரு செருப்புத் தைக்கும் பெரியவர் லில்லிக்குப் புத்தி சொல்கிறார்: உன்னிடம் சக்தி இருக்கிறது, ஆண்களைப் பயன்படுத்திக்கொள் என்று, நீட்சேயைக் கையில் வைத்துக்கொண்டு. வெளியான பிரதியில் அதே பெரியவர், அதே வாயால், நல்வழி தீவழி பற்றிப் போதிக்கிறார்! குரலை மாற்றிச் சேர்த்தார்கள், முடிவையும் மாற்றினார்கள். எழுபது வருஷம் உலகம் அந்தப் போதனைப் பிரதியைத்தான் பார்த்தது. 2004-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் சேமிப்பில் வெட்டப்படாத மூலம் கிடைத்தது. பார்ப்பதானால் அதைத் தேடிப் பாருங்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்க நேரம் இருந்தால், தணிக்கை என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள வேறு புத்தகம் வேண்டாம்.

1934-இல் விளையாட்டு முடிந்தது. கத்தோலிக்கத் திருச்சபை 'கண்ணிய சேனை' என்று ஓர் அமைப்பைத் தொடங்கியது. கோடிக்கணக்கில் இல்லாவிட்டாலும் லட்சக்கணக்கில் மக்கள் உறுதிமொழி எடுத்தார்கள், கெட்ட படம் பார்க்க மாட்டோம் என்று. பிலடெல்பியாவில் கார்டினல் டோஹர்ட்டி இன்னும் ஒரு படி மேலே போனார். கெட்ட படம் என்ன, எந்தப் படத்துக்குமே போகாதீர்கள் என்றார். கொட்டகைகள் படுத்தன. அந்த அடி முதலாளிகளுக்குப் புரிகிற பாஷையில் இருந்தது.

உடனே ஜோசப் ப்ரீன் என்பவர் தலைமையில் ஒரு நிர்வாக அலுவலகம் திறந்தார்கள். ப்ரீனும் பிலடெல்பியாக்காரர்தான், ஐரிஷ் கத்தோலிக்கர், பழைய பத்திரிகையாளர். இனிமேல் கதைச் சுருக்கம், திரைக்கதை, பாட்டு, உடை எல்லாம் அவர் மேஜைக்குப் போகவேண்டும். படம் முடிந்ததும் முத்திரை எண் வாங்கவேண்டும். முத்திரை இல்லாத படத்தை வெளியிட்டால் 25,000 டாலர் அபராதம். அபராதத்தைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு: பெரிய ஐந்து கம்பெனிகளும் படம் எடுத்தன, விநியோகித்தன, நல்ல ஊர்களின் நல்ல கொட்டகைகளையும் தாங்களே வைத்திருந்தன. அந்த ஐவரும் முத்திரையில்லாமல் போடமாட்டோம் என்றால் படத்தைப் பெட்டியில் வைத்து அழகு பார்க்க வேண்டியதுதான். முதல் எண் வாங்கிய படம் ஜான் ஃபோர்டின் 'தி வேர்ல்ட் மூவ்ஸ் ஆன்'. அதைப் பார்க்கச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் காலத்துப் படம் எதைப் போட்டாலும் ஆரம்ப எழுத்துகளில் அந்தச் சின்ன எண்ணைத் தேடிப்பார்ப்பது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது.

ப்ரீனின் அலுவலகம் திறக்கச் சில மாதங்கள் முன்பு, 1934 பிப்ரவரியில், வெளியான படம் 'இட் ஹேப்பன்டு ஒன் நைட்'. கொலம்பியா கம்பெனி அன்று ஏழைக் கம்பெனி. நாயகன் கிளார்க் கேபிள் எம்.ஜி.எம்.மிடம் கடன் வாங்கிய சரக்கு. கதாநாயகி கிளாடெட் கோல்பெர் நாலு வாரத்தில் முடிக்கவேண்டும், 50,000 டாலர் வேண்டும் என்று நிபந்தனை போட்டு வந்தவர். வீட்டைவிட்டு ஓடிவந்த கோடீஸ்வரன் மகள், வேலை போன பத்திரிகைக்காரன், ஒரு பஸ். இரவு ஒரே அறையில் தங்க நேர்கிறது. இரண்டு கட்டிலுக்கும் நடுவே கயிறு கட்டி ஒரு போர்வையைத் தொங்கவிடுகிறான் அவன். எரிக்கோவின் சுவர் என்று பைபிள் பெயரும் வைக்கிறான். அந்தப் போர்வைக்கு இருபுறமும் இரண்டு பேர் தூங்காமல் கிடக்கிறார்களே, அந்தக் காட்சியைப் போல மனசைத் தொந்தரவு செய்கிற படுக்கையறைக் காட்சியைப் பின்னாளில் எல்லாவற்றையும் காட்டிய படங்களிலும் நான் பார்க்கவில்லை. மழை, ஜன்னல் வெளிச்சம், போர்வைமேல் அவள் போட்ட உள்ளாடைகளை எடுத்துவிடும்படி அவன் கேட்பது...

முடிவில் ஜோடி நமக்குத் தெரிவதே இல்லை. விடுதிக்காரனும் அவன் மனைவியும் வாசலில் நின்று பேசிக்கொள்கிறார்கள்: கல்யாணமான ஜோடிக்குக் கயிறு எதற்கு, போர்வை எதற்கு, பொம்மை ஊதல் எதற்கு? உள்ளே ஊதல் சத்தம் கேட்கிறது. போர்வை விழுகிறது. விளக்கு அணைகிறது. ஊதலில் சுவர் விழுந்த எரிக்கோ கதை தெரிந்தவர்களுக்கு மேலே ஒன்றும் சொல்ல வேண்டாம். சிறந்த படம், இயக்குநர் ஃபிராங்க் காப்ரா, நடிகர், நடிகை, திரைக்கதை என்று ஐந்து பெரிய ஆஸ்கர்களையும் வாரிக்கொண்ட முதல் படம் இதுதான். பரிசு கிடைக்காது என்று ரயிலேறப் போன கோல்பெரை ஸ்டேஷனிலிருந்து அழைத்துவந்து மேடையேற்றினார்கள். நம்முடைய ஏவி.எம். 1956-இல் ராஜ்கபூர், நர்கிஸை வைத்து இந்தியில் எடுத்த 'சோரி சோரி'யைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை புதிதாகத் தோன்றாது.

இனி ப்ரீன் காலம். எல்லோருக்கும் போர்வை கிடைத்தது என்று நினைத்துவிட வேண்டாம். லில்லியன் ஹெல்மனின் நாடகம் ஒன்றில், இரண்டு ஆசிரியைகள் ஒருவரையொருவர் காதலிப்பதாக ஒரு மாணவி புரளி கிளப்புகிறாள். 1936-இல் வில்லியம் வைலர் அதைப் படமாக்கியபோது புரளி ஓர் ஆணைப் பற்றியதாக மாறியது. நாடகத்தின் பெயரைப் போடவும் தடை. 'தீஸ் த்ரீ' என்ற வேறு பெயரில் வந்தது. மோசமான படமல்ல. இருபத்தைந்து வருஷம் கழித்து 1961-இல் வைலரே அதே கதையை அசல் புரளியோடும் அசல் பெயரோடும் மறுபடி எடுத்தார். மனுஷனுக்கு அவ்வளவு நாள் உறுத்தியிருக்கிறது.

அன்னா மே வாங்கின் கதை அதைவிடக் கசப்பு. லாஸ் ஏஞ்சல்ஸில் சலவைக்கடை வைத்திருந்த சீனக் குடும்பத்துப் பெண், அமெரிக்காவிலேயே பிறந்தவர். 1932-இன் 'ஷாங்காய் எக்ஸ்பிரஸ்' படத்தில் மார்லின் டீட்ரிச்சின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, குறைவாகப் பேசியே அவரைவிட அதிகம் கவனிக்க வைத்தவர். பேர்ல் பக்கின் சீன விவசாயி நாவலை எம்.ஜி.எம். 'தி குட் எர்த்' என்று எடுக்கத் தொடங்கியதும், விவசாயி மனைவி ஓ-லான் வேடம் தனக்குத்தான் என்று அவர் நம்பினார். கணவன் வேடத்துக்குப் பால் முனி என்ற வெள்ளை நடிகரைப் போட்டார்கள். அவ்வளவுதான். வெள்ளைக்காரனுக்குச் சீனத்தி மனைவியாக நடிக்கக்கூடாது. விதியில் வெள்ளை, கறுப்பு என்று மட்டுமே எழுதியிருந்தது. நடைமுறையில் ஆசியர்களுக்கும் நீட்டிவிட்டார்கள். ஜெர்மனியில் பிறந்த லூயிஸ் ரைனர் சீனத்தியாக ஒப்பனை போட்டு நடித்து ஆஸ்கரும் வாங்கினார். வாங்குக்குக் காட்டப்பட்டது குடும்பத்தைக் கெடுக்கும் ஆசைநாயகி வேடம். மறுத்துவிட்டு 1936-இல் சீனாவுக்குக் கப்பலேறினார். லூபிட்ச் கதவைச் சாத்தினால் உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். இவருக்கு வீட்டுக்குள் நுழையவே வழியில்லை. பொற்காலப் படங்களைச் சிபாரிசு செய்யும்போது இதைச் சொல்லாமல் விடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. 'ஷாங்காய் எக்ஸ்பிரஸ்' பாருங்கள். 'தி குட் எர்த்' இல்லாமலும் வாழலாம்.

'காஸாபிளாங்கா'வை யாருக்கும் சிபாரிசு செய்யத் தேவையில்லை, ஆனாலும் ஒரு விஷயம். நான் இதை முதலில் பார்த்தது ஒரு திரைப்படச் சங்கத்தின் பதினாறு எம்.எம். பிரதியில். ஆபரேட்டர் மூன்றாவது சுருளை இரண்டாவதாக ஓட்டிவிட்டார். விமான நிலையத்தில் பிரிவு முடிந்துவிட்டது. அதற்கப்புறம் பாரிஸ் காதல். அரங்கில் ஒருவர் எழுந்து கேட்கவில்லை. அமெரிக்காக்காரன் நவீன உத்தி பண்ணியிருக்கிறான் என்று நாங்கள் எல்லோரும் கன்னத்தில் கைவைத்து ரசித்தோம்.

1942-இல் வார்னர் எடுத்த படம். இயக்கியவர் ஹங்கேரிக்காரர் மைக்கேல் கர்டிஸ். அரங்கேறாத ஒரு நாடகத்தை 20,000 டாலருக்கு வாங்கித் தொடங்கினார்கள். மொராக்கோவில் விசாவுக்குக் காத்துக்கிடக்கும் அகதிகளின் கதை. நடித்தவர்களில் பலரும் நிஜத்திலேயே ஹிட்லருக்குத் தப்பி வந்தவர்கள்: பீட்டர் லோரே, எஸ்.இசட். சகால், மார்செல் டாலியோ, மடலின் லெபோ. நாஜி மேஜராக வந்த கான்ராட் வைட்கூட யூத மனைவியோடு ஜெர்மனியைவிட்டு வெளியேறியவர். ஹோட்டலில் நாஜிகளின் பாட்டை அமுக்கிப் பிரெஞ்சு தேசிய கீதம் எழும்பும் காட்சியில் லெபோவின் கண்ணீரைப் பாருங்கள். அதற்குக் கிளிசரின் தேவைப்பட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

ப்ரீனுக்கு இந்தப் படத்தில் கவலை அரசியலைப் பற்றியதல்ல. நாயகி இல்சா கல்யாணமானவள்; பழைய காதலன் ரிக்கின் அறைக்கு இரவில் வருகிறாள்; கட்டிக்கொள்கிறார்கள். பிறகு? திரைக்கதையில் அங்கே காட்சி இருட்டில் கரைந்து முடிவதாக இருந்தது. ப்ரீன் அலுவலகம் எழுதிய ஆட்சேபத்தின் சாரம் இது: ஃபேட் அவுட் வேண்டாம், டிசால்வ் போடுங்கள், அடுத்த காட்சியில் கட்டிலோ சோபாவோ கண்ணில் படக்கூடாது. காரணம் தொழில் தெரிந்தவனுக்கு விளங்கும். ஃபேட் அவுட் என்றால் நீண்ட நேரம் கழிந்தது. டிசால்வ், அதாவது ஒரு காட்சி அடுத்த காட்சிக்குள் கரைவது, என்றால் கொஞ்ச நேரம்தான். கற்பைக் காப்பாற்ற எடிட்டிங் இலக்கணத்தையே கையில் எடுத்தார்கள்! படத்தில் இன்று இருப்பது டிசால்வ்தான். அணைப்பிலிருந்து விமான நிலையக் கோபுரத்தின் சுழலும் விளக்குக்கு. அங்கிருந்து ஜன்னலருகே சிகரெட்டோடு நிற்கும் ரிக்கிடம். எவ்வளவு நேரம் போனது? பார்க்கிறவரின் மனசைப் பொறுத்தது. முடிவு எப்படி என்று படப்பிடிப்பின்போது யாருக்கும் தெரியாது என்றொரு கதை சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் முத்திரை வேண்டுமென்றால் கல்யாணமானவள் புருஷனோடுதான் விமானம் ஏறியாகவேண்டும். ஒரே முடிவுதான் சாத்தியம். அதைத் தியாகமாக்கிக் காட்டியது எழுத்தாளர்களின் சாமர்த்தியம்.

பில்லி வைல்டரின் 'டபுள் இன்டெம்னிட்டி' 1944. புருஷனைக் கொன்று இன்ஷூரன்ஸ் பணம் வாங்கத் திட்டமிடும் மனைவியும் ஏஜெண்டும். ஜேம்ஸ் கேயினின் இந்தக் கதையை எவரும் தொடவேண்டாம் என்று ப்ரீன் 1935-இலேயே எம்.ஜி.எம்.முக்கு எச்சரித்திருந்தார். எட்டு வருஷம் கழித்து எப்படி அனுமதி கிடைத்தது? வைல்டரும் ரேமண்ட் சாண்ட்லரும் முதல் காட்சியிலேயே குண்டடிபட்ட நாயகனை உட்காரவைத்து, நான்தான் கொன்றேன், பணமும் கிடைக்கவில்லை, பெண்ணும் கிடைக்கவில்லை என்று சொல்லவைத்துவிட்டார்கள். தண்டனையை முதலில் கட்டிவிட்டால் குற்றத்தை எவ்வளவு வேண்டுமானாலும் ருசித்துச் சொல்லலாம். விஷவாயு அறையில் அவன் சாகும் காட்சியைச் செலவுசெய்து எடுத்தார்கள். வைல்டர் வெட்டி எறிந்தார். ப்ரீனுக்காக அல்ல, அதற்கு முந்தைய காட்சியே போதும் என்பதற்காக. படம் முழுக்க கம்பெனி அதிகாரி கீஸின் சுருட்டுக்குக் கட்டைவிரல் நகத்தில் தீக்குச்சி உரசிப் பற்றவைப்பவன் நாயகன். கடைசியில் அவன் கை நடுங்குகிறது. கீஸ் குனிந்து தீக்குச்சி உரசுகிறார். அந்தப் படத்தின் காதல் அதுதான் என்று நான் சொல்வேன்.

இதிலும் ஒரு கதவு உண்டு. நாயகனின் வீட்டிலிருந்து கீஸ் வெளியே வருகிறார், அவள் தாழ்வாரத்தில் நிற்கிறாள், பார்த்தால் தொலைந்தது. திறந்த கதவின் பின்னால் ஒதுங்கிக்கொள்கிறாள். வீட்டு வாசற்கதவு எந்த ஊரில் வெளிப்பக்கமாகத் திறக்கும்? இந்தப் படத்தில் திறக்கிறது. மூன்றாவது முறை பார்க்கும்போதுதான் எனக்கே உறைத்தது.

பிரெஸ்டன் ஸ்டர்ஜஸின் 'தி மிராக்கிள் ஆஃப் மார்கன்ஸ் கிரீக்' அதே 1944. பட்டாளத்தாரோடு விருந்துக்குப் போன பெண், காலையில் கையில் மோதிரம், வயிற்றில் குழந்தை, புருஷன் பெயர் மட்டும் ஞாபகமில்லை! இதற்கு எப்படி முத்திரை கிடைத்தது என்று இன்றுவரை எனக்கு ஆச்சரியம். சிரித்து முடித்தபிறகு யோசியுங்கள்.

கடைசியாக ஹிட்ச்காக், 1946, 'நொட்டோரியஸ்'. முத்தம் மூன்று விநாடிக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு கணக்கு ஸ்டூடியோக்களில் புழங்கியது. விதிப் புத்தகத்தில் விநாடிக் கணக்கே இல்லை. மிதமிஞ்சக்கூடாது என்றுதான் இருந்தது. ஹிட்ச்காக் அந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டார். கேரி கிராண்டும் இங்க்ரிட் பெர்க்மனும் முத்தமிடுகிறார்கள், விலகுகிறார்கள், ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கோழி சமைப்பதைப் பற்றிப் பேசுகிறார்கள், மறுபடி முத்தம், பால்கனியிலிருந்து டெலிபோன் வரை ஒட்டியபடியே நடை, போனில் பேச்சு, நடுவில் முத்தம், கதவு வரை நடை. காமிரா ஒரு முறைகூட வெட்டாமல் இரண்டரை நிமிடம் கூடவே போகிறது. ஒவ்வொரு முத்தமும் சட்டப்படி சரி. மொத்தமாக அதற்குமுன் ஹாலிவுட் காட்டாத நெருக்கம்.

அந்தப் பெண்ணை இன்னொருவனுக்கு மனைவியாக்கி வேவு பார்க்க அனுப்புவதும் இதே காதலன்தான். அவள் மாட்டிக்கொள்கிறாள், காபியில் கொஞ்சம் கொஞ்சமாக விஷம். முடிவில் அவன் அவளைத் தாங்கியபடி மாடிப்படி இறங்குகிறான். பின்னாலேயே கணவன் செபாஸ்டியன், 'காஸாபிளாங்கா'வின் போலீஸ் கேப்டனாக வந்தாரே, அதே கிளாட் ரெய்ன்ஸ். ஹாலில் அவனுடைய நாஜிக் கூட்டாளிகள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கார்வரை வருகிறான், என்னையும் ஏற்றிக்கொள் என்று கெஞ்சுகிறான். கிராண்ட் உள்ளிருந்து கார்க் கதவைப் பூட்டிவிடுகிறார். கார் போய்விடுகிறது. வாசலில் நிற்கும் கூட்டாளி செபாஸ்டியனை உள்ளே கூப்பிடுகிறான். அவன் படியேறிப் போகிறான். வீட்டுக் கதவு மூடுகிறது. படமும் அங்கேயே முடிகிறது.

ப்ரீன் இன்னும் சில வருஷம் ஆண்டார். 1954-இல் ஓய்வுபெறும் சமயம் அவருக்குக் கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள், மேடையேற்றி, கைதட்டி! ஆனால் அதற்குள் 1915-இன் தீர்ப்பு போய்விட்டிருந்தது. அதைப் போக்கியது ஹாலிவுட் படமல்ல. ரொபெர்ட்டோ ரொசெல்லினி என்ற இத்தாலியர் எடுத்த, ஒரு மணி நேரம்கூட ஓடாத சின்னப் படம். அந்த ரொசெல்லினிக்கு பெர்க்மன் எழுதிய கடிதத்திலிருந்து அடுத்த வாரம் தொடங்கலாம்.

(தொடரும்)